பச்சை விளக்கு வரும் வரை

ஷெட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே தெரிந்துவிட்டது, சார்ஜரின் விளக்கு இன்றைக்கும் ஆரஞ்சுதான். ஒரு வாரமாக இதே கதை. பானெட்டைத் தூக்கி வைத்து, சிவப்பு கிளிப்பை பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பு கிளிப்பை என்ஜின் பக்கத்து வெறும் இரும்பிலும் மாட்டி, கணவன் போனில் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தாள்.

"ஆரஞ்சு எரிஞ்சா ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். நிறைஞ்சதும் பச்சை வரும். அப்புறமும் கழட்டாதே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நான் வந்து இறங்குற அன்னைக்கு ஒரே திருப்பல்ல கிளம்பணும்," என்றிருந்தான். அவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் அவன் கடலில்; அவன் கார் இந்த ஷெட்டில்.

குனிந்து சார்ஜரைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெதுவெதுப்பாக இருந்த பெட்டி. பகல் முழுக்க ஓடிய சார்ஜர் எப்படிச் சில்லிட்டுப் போகும்? அவள் தலை மறைந்ததும் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள், அவள் வரும் நேரம் பார்த்துத் திரும்பச் செருகியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. பகலில் வீட்டிலிருப்பது மாமனார் ஒருவர். மதியத்துக்கு மேல் பள்ளிவிட்டு வரும் மகள். மகளுக்கு அந்த பிளக் எட்டாது.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் சரிபார்க்கும் வேலை. கீறலே இல்லை என்று சாதிக்கிறவர்களின் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, கீறலைக் காட்டிக்கொடுப்பதில் அவளுக்குத் தனி சுகம். அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிட முடியுமா என்ன?

மாமனாருக்கு இந்தக் காரை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பழைய கார்தான், ஆனால் அதிகம் ஓடாதது. விற்றவர் பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தனியாகக் கொடுத்தார். "ஓட்டாத நாள்ல கழட்டியே வெச்சிருங்க," என்று மட்டும் சொன்னார். இப்படியும் ஒரு கஞ்சனா என்று கணவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. ஆயுசு முழுக்க வாட்ச்மேனாக இருந்தவர் அவர். இப்போதும் ஷெட்டைப் பார்த்தாற்போல நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அசையாமல், கொட்டக் கொட்ட விழித்தபடி உட்கார்ந்திருப்பார். வயசாகிவிட்டது, பொழுது போகவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். மூடியே கிடந்த வண்டியில் அடிக்கும் தூசு வாசனை இல்லை. காய்ச்சல்காரர் நெடுநேரம் படுத்து எழுந்த போர்வையின் வாசனை, ஈரமும் சூடுமாக, முகத்தில் வந்து மோதியது. சீட்டு பின்னால் தள்ளிக் கிடந்தது. கண்ணாடிகளின் உட்பக்கம் லேசாக ஆவி படிந்திருந்தது. அப்படியானால் பிளக்கைப் பிடுங்குவதோடு நிற்கவில்லை, உள்ளே ஏறிப் படுத்துத் தூங்கவும் செய்கிறார்.

மகளை, வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு, சோறு ஊட்டும் சாக்கில் விசாரித்தாள்.

"தாத்தா காருக்குள்ள உக்காருறாரா?"

"தாத்தா இல்ல."

"பின்ன யாரு?"

வாண்டு வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு தோளைக் குலுக்கியது. தாத்தா நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் கடையிலிருந்து, பிரேம்களில் விலை ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து, பிளக்கும் சுவர்ப் பலகையும் சேரும் இடத்தில் குறுக்கே ஒட்டினாள். அதற்கடுத்த நாள் சாயங்காலம் பார்த்தால் ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்து, மறுபடி விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பொறுமையாக ஒட்டப்பட்டிருந்தது. கை நடுங்கும் ஆளின் ஒட்டல்.

"மாமா, ஷெட்டுல பிளக்கைப் பிடுங்குறது நீங்கதானே?"

அவர் மறுக்கவில்லை. "ஆமாம்மா."

"எதுக்கு?"

"அது நிறையக் கூடாது. அரை வயித்துக்கே உள்ள மூச்சு விடுற சத்தம் கேக்குது."

"வண்டியா மூச்சு விடுது?"

"வண்டி இல்லம்மா," என்றார் தணிந்த குரலில். ஷெட்டுப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

அவளுக்குக் கோபம் போய் பயம் பிடித்துக்கொண்டது. புத்தி பேதலித்த ஒரு மனிதரிடம் தினமும் மதியம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, நாம் லென்ஸ் துடைத்துக்கொண்டிருக்கிறோம். இருப்பது ஒரே ஒரு பிள்ளை. நாளைக்கு இவர் அதையும் வண்டிக்குள் உட்காரவைத்துப் பூட்டிவிட்டால்? அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டாள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போனாள்.

கிளம்பும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பிளக்கை மட்டும் எடுத்துடும்மா. வாண்டை அந்தப் பக்கம் விடாதே."

"சரி மாமா," என்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆட்டோ தெரு முனை திரும்பியதும் ஷெட்டுக்குப் போய், பிளக்கை அழுத்திச் செருகி, மேலே டேப் சுற்றினாள்.

வாண்டு பள்ளிவிட்டு வந்து அவள் திரும்பும்வரை அடுத்த வீட்டு அக்காவிடம் இருப்பதாக ஏற்பாடு. இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் வெளிச்சம் மங்கும் நேரத்தில் தெருக்கதவைத் தள்ளியபோது, ஷெட்டின் கம்பிக்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே, தூக்கிய பானெட்டுக்குக் கீழே, ஒரு பொட்டு வெளிச்சம்.

பச்சை.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்தாள்.

மதிலுக்கு மேலே அடுத்த வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. "வீட்டுக்காரர் வந்துட்டாரா? சொல்லவே இல்லையே."

"அவர் வர இன்னும் நாளிருக்கேக்கா."

"அப்போ ஹார்ன் அடிச்சது யாரு? அப்பா வந்துட்டார்னு உன் பொண்ணு துள்ளிக்கிட்டு ஓடுச்சே. அது இங்க ஓடி வந்து ரொம்ப நேரமாச்சு."

போனை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. ஷெட்டுக்குள் இருந்தாள். தூக்கிய பானெட் முன் கண்ணாடியை முழுக்க மறைத்திருந்தது. பக்கக் கண்ணாடிகள் எல்லாம் உள்ளிருந்து வெளுத்துப்போயிருந்தன. அந்த வெளுப்புக்குப் பின்னால் காரின் கூரை விளக்கு எரிந்தது. காய்ச்சல் வாசனை கதவிடுக்கைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

கைப்பிடியை இழுத்தாள். பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில். எடுத்து அதன் பட்டனை அழுத்தினாள். அழுத்தினாள். உள்ளே பூட்டு ஒருமுறை டக்கென்று திறந்தது, உடனே டக்கென்று மூடிக்கொண்டது.

டேப்போடு சேர்த்து பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை அணைந்தது. கிளிப்புகளைப் பிய்த்து எறிந்தாள். பேட்டரியின் வயரைப் பிடித்து இழுத்தாள். நகம் பெயர்ந்தது. வயர் கழன்று கையோடு வந்தது.

கூரை விளக்கு அணையவில்லை.

பின்கதவுக் கண்ணாடியில் ஒரு சின்னக் கை உள்ளிருந்து துடைத்து வட்டம் போட்டது. வாண்டு. பின்சீட்டில், யூனிபார்மோடு, பெல்ட் போட்டுக்கொண்டு. அழவில்லை. முன்சீட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது, தாத்தாவிடம் கதை கேட்கும்போது ஆட்டுமே, அப்படி.

அந்த வட்டத்தின் வழியே அவளும் முன்சீட்டைப் பார்த்தாள்.

யாரும் இல்லை. பெல்ட் மட்டும் இழுத்து மாட்டியிருந்தது. சீட்டில் படியாமல், நடுவில் புடைத்துக்கொண்டு.

ஏறியது. இறங்கியது.

ஏறியது.

"வாண்டு, கதவைத் திற. அம்மா சொல்றேன், திற."

பானெட் தானாக விழுந்து மூடிக்கொண்டது. ஒரே திருப்பலில் என்ஜின் கிளம்பியது. பேட்டரியின் வயர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அவள் பின்பக்கம் ஓடினாள். கம்பிக்கதவுக்கும் காருக்கும் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் டிக்கியின் மேல் வைத்து, கால்களை ஊன்றித் தள்ளினாள். இரும்பு சூடாக இருந்தது. கைகளுக்கு அடியில் அது மெல்ல மேலெழும்பி, மெல்லத் தாழ்ந்தது.

பின்கண்ணாடியிலும் ஒரு வட்டம் துடைக்கப்பட்டது. மகளின் முகம் அதில் தெரிந்தது.

"அம்மா, நகந்துக்கோ," என்றது வாண்டு, கண்ணாடிக்கு உள்ளிருந்து. "வழி விடச் சொல்றார்."

அவள் நகரவில்லை. அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளை ரிவர்ஸ் விளக்குகள் எரிந்தன.