இரண்டாவது விளக்கு

இரண்டாவது விளக்கு அணைந்தபோது யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

ஹாஜறா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்ஹாலில், போன் மேசையின் மேல், பொலித்தீன் உறை கழற்றிய வெள்ளை ரவுட்டர். முகப்பில் வரிசையாகப் பச்சை விளக்குகள். முதலாவது கரண்டுக்கு, இரண்டாவது லைனுக்கு என்று கிசோக் சொல்லியிருந்தான். அந்த இரண்டாவது கொஞ்ச நேரம் மினுங்கி, பிறகு நிலையாக எரிந்து, அவன் "ஆ, புடிச்சிட்டு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், யாரோ விரலால் பொத்தியதைப் போல அணைந்தது.

"இதென்ன தம்பி?"

"லைன் விட்டுட்டு ராத்தா. திரும்பப் புடிக்கும்."

"பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்த நேரத்திலயிருந்து இதத்தான் சொல்றீங்க."

"இந்தப் பொட்டிக்கு நம்மளப் புடிக்கல்ல போல," என்றாள் வாசல் கதிரையிலிருந்த றஹீமா. பக்கத்து வீட்டுக்காரி. ஆண் துணையில்லாத வீட்டுக்கு வெளி ஆம்பிளை வேலைக்கு வந்தால், போகும்வரை ஒரு பெண் வந்து குந்தியிருக்க வேண்டும். றஹீமா அதற்காகவே வந்திருந்தாள். கூடவே வேடிக்கைக்கும்.

கிசோக் பாண்டிருப்புக்காரன். டெலிபோன் கம்பெனியில் கொந்தராத்து வேலை. தரையில் சப்பணமிட்டு, லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, கையை விட வாயால்தான் அதிகம் வேலை செய்தான்.

"இஞ்ச பாருங்க. சுவத்துல இருந்து வாற வயர் இந்தச் சின்னப் பில்டருக்குள்ள போகுது. அதுல இருந்து ஒண்டு ரவுட்டருக்கு, ஒண்டு இந்த மேசைப் போனுக்கு. உள் அறையில இருக்கிற போனுக்குப் பில்டர் இல்ல. நாளைக்குக் கொண்டுவாறன். அதுவரைக்கும் அந்தப் போன ஆரும் தூக்கப்படாது. தூக்கினா லைன் விட்டிரும். வேணுமெண்டா தூக்கிப் பாருங்களன்."

றஹீமா எழுந்து திரைச்சீலையை விலக்கி உள் அறைக்குள் போனாள். "தூக்கிட்டன்!" என்ற அவள் சத்தமும் இரண்டாவது விளக்கு அணைவதும் ஒன்றாக நடந்தன. "வெச்சிட்டன்!" என்றாள். விளக்கு மினுங்கிற்று, பிடித்தது.

"விளங்கிச்சா?" என்று கிசோக் சிரித்தான்.

றஹீமா வந்து கதிரையில் அமர்ந்தாள். முந்தானையைச் சரி செய்தாள். மூவரும் ஹாலில் இருந்தார்கள்.

விளக்கு அணைந்தது.

"இப்ப ஆரு தூக்கின?" என்றாள் றஹீமா. யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜறாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவளுக்கு எரிச்சல் ஏற இப்போதெல்லாம் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை. கம்பெனி மீது கோபம். புது லைன் எடுங்கள், புது நம்பர் தருகிறோம் என்று கவுண்டரில் இருந்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னான். கடற்கரையில் கோடு போட்டு, இதற்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, இடிந்த அவளுடைய வீட்டுச் சுவரிலேயே மண் மூட்டை அடுக்கி ஆமிக் காவலுக்குச் சென்றி போட்டவர்கள் மீது கோபம். எல்லாரையும் விட, கட்டாரில் வேலை செய்துகொண்டு அங்கிருந்தே இந்த ரவுட்டருக்கு ஓடர் கொடுத்த கணவன் உதுமாலெப்பை மீது கோபம். முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றான். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? இனி அந்தப் பழைய நம்பர் எதற்கு, விட்டுவிடு என்பதுதான் இருந்தது.

விடமாட்டாள்.

கிசோக் ரவுட்டரின் பக்கத்தை லப்டொப்பில் திறந்திருந்தான். "உள்ளுக்குப் போறதுக்குக் கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் எல்லா ரவுட்டருக்கும் ஒண்டுதான். இத மாத்தோணும். இல்லாட்டி ரோட்டால போறவனும் உள்ளுக்கு வந்திருவான்." தட்டினான். "சரி. வைபைக்கு என்ன பேர் வைப்பம்?"

"றிப்கா."

"மகளா? எங்க ஆள்? கிளாஸ் போயிட்டாவா?"

றஹீமா இருமினாள். இருமல் தேவையில்லாமல் நீண்டது.

"கடல்ல," என்றாள் ஹாஜறா.

கிசோக்கின் விரல்கள் நின்றன. அவனுடைய ஊரிலும், கடல் ஊருக்குள் ஏறிய அந்தக் காலையில் போனவர்கள் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து பெயரை மட்டும் அடித்தான்.

அந்தக் காலையில் ஹாஜறா அட்டாளைச்சேனையில், தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் போன் எடுத்தாள். ஆறு வயது றிப்காதான் போனைத் தூக்கினாள். "உம்மா, ரோட்டெல்லாம் ஆக்கள் ஓடுறாங்க." ஏதோ சண்டை, ஏதோ துவக்குச் சூடு என்றுதான் ஹாஜறா நினைத்தாள். இந்த ஊர்களில் ஆட்கள் ஓடினால் வேறு என்ன நினைப்பது? சூட்டுச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் பழக்கியதே அதுதான். "கதவச் சாத்து. போனக் கீழ வெச்சிராத. நான் வாறன்," என்றாள். பிள்ளை சொல் கேட்கிற பிள்ளை. கதவைச் சாத்தினாள். போனைக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு லைனில் வந்தது ஒரு சத்தம்.

பிள்ளைக்குத் துணையாக வீட்டில் இருந்த மாமியின் மையத்து கிடைத்தது, அடக்கினார்கள். றிப்கா கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளைக்கு அந்த நம்பர் மனப்பாடம். எங்காவது, யாருடைய வீட்டிலாவது இருந்தால், ஒரு நாள் அந்த நம்பருக்கு எடுப்பாள். அதனால்தான் நம்பர். அதனால்தான், பொழுதுபட்டு மஃரிபு நேரத்தில் ஊரே கதவைச் சாத்தும்போது ஹாஜறா மட்டும் ஐந்து வருசமாகத் திறந்தே வைத்திருந்தாள்.

விளக்கு பிடித்தது. அணைந்தது.

கிசோக் மேசைப் போனைத் தூக்கிக் காதில் வைத்தான். புருவம் சுருங்கியது. அவளிடம் நீட்டினான்.

முதலில் வெறும் இரைச்சல் போலத்தான் இருந்தது, ஆனால் காது பழகப் பழக அந்த இரைச்சல் ஏறுவதும் இறங்குவதும், இறங்கும்போது கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போவதும், அதற்கும் பின்னால் தகரத்தில் ஈரத் துணி அடிப்பது போல ஏதோ ஒன்று அடித்துக்கொண்டிருப்பதும், இவை எல்லாவற்றுக்கும் மிக அருகில், ஒலிவாங்கியில் உதடு பட்டுவிடுகிற அருகில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பதும் அவளுக்குக் கேட்டன.

"ஹலோ! ஆரு?"

மூச்சு நின்றது. டொக். வைக்கப்பட்ட சத்தம். மேசையில் விளக்கு மினுங்கத் தொடங்கியது.

"ராத்தா, இந்த லைன் முதல்ல எங்க இருந்தது?"

"கடற்கரை வீட்டில."

"இஞ்ச மாத்தக்குள்ள பழைய வயரக் கழட்டினாங்களா?"

கழற்றவில்லை. கழற்றினால் லைனைக் கம்பெனிக்கு ஒப்படைத்ததாகிவிடும், நம்பர் போய்விடும் என்று பயம். ஆகவே அன்றைய லைன்காரர் மெயின் ரோட்டில் நின்ற டெலிபோன் போஸ்ட்டில் இருந்து இன்னொரு வயரைப் பிரித்து இந்த வீட்டுத்திட்டத்துக்கு இழுத்துக் கொடுத்தார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

"அப்ப போஸ்ட்டில ரெண்டு கிளை. ஒண்டு இஞ்ச. மற்றது கடலுக்கு," என்றான் கிசோக். "அந்தப் பக்கத்தில ஆரோ ஒரு போனக் கொழுவித் தூக்குறாங்க. அறைப் போனத் தூக்கக்குள்ள எப்பிடி விட்டிச்சி? அதே மாதிரித்தான்."

"அங்க சுவரும் தரையும்தானே இரிக்கி," என்றாள் றஹீமா. "சென்றியும் எடுத்திட்டானுகள். சண்டை முடிஞ்ச நாளையிலயிருந்து காவாலிப் பொடியனுகள்தான் அங்க குந்துறானுகள்."

ஹாஜறாவுக்கு அந்தச் சொல் போதுமாயிருந்தது. எவனோ ஒரு குடிகாரன், அவள் பிள்ளை நின்ற இடத்தில் குந்தியிருந்து, அவள் பிள்ளை பிடித்த வயரைப் பிடித்து, அவள் காதுக்குள் மூச்சு விடுகிறான்.

மேசையில் கைத்தொலைபேசி அடித்தது. உதுமாலெப்பை.

"என்ன புள்ள, கொனெக்சன் வந்துட்டா?"

"ஆரோ நம்மட லைன்ல இரிக்கான். கடற்கரை வயர்ல."

களைத்த குரலில்: "அந்த வயர வெட்டச் சொல்லு ஹாஜறா. எத்தின தரம் சொல்ற? மௌத்தாப் போனவங்களுக்கு என்னத்துக்கு லைன்?"

"வாயப் பொத்துங்க!" என்று கத்திக்கொண்டு அவள் போனைக் கதிரையில் எறிந்தாள். கிசோக்கைப் பார்த்தாள். "வெட்டுங்க."

"வடிவா யோசிச்சுத்தானே ராத்தா?"

"நம்பர் இந்தப் பக்கம் இரிக்கும்தானே?"

"ஓம், ஓம். நம்பருக்கு ஒண்டும் ஆகாது."

"அப்ப வெட்டுங்க. எவன் அங்க இரிக்கானோ, அவன்ட காதோட சேத்து வெட்டுங்க!"

"கோவத்துல சொல்லாத," என்று றஹீமா எழுந்தாள். "நாளைக்கு விடியப் பாப்பம்."

ஆனால் கிசோக்கின் மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். றஹீமா முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். "நான் தொழப் போறன். இண்டைக்கெண்டாலும் கதவச் சாத்தன் புள்ள. சைத்தான் இறங்குற நேரம்." பதிலுக்கு நிற்காமல் போனாள். அவளுடைய வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுக் கதவு. அதற்கடுத்த வீடு.

ஹாஜறா திறந்த வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள். வெளியே வெளிச்சம் வடிந்து, எதிர் மதில் நீலமாகி, மதிலில் சாய்த்திருந்த சைக்கிள் மதிலோடு கலந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. கொசுவுக்குக் கொளுத்திய நுளம்புத்திரியின் புகை வழக்கம்போல வாசலை நோக்கிப் போகாமல், திரும்பி, தரையோடு தரையாக உள் அறைப் பக்கம் ஊர்ந்தது. புகையின் அடியில் வேறொரு வாசம். பாசி. ஊறிய பலகை. மெயின் ரோட்டுக்கு மேற்கே கடல் வாசம் வருவதில்லை. அதற்காகத்தான் இங்கே வீடு கேட்டு வாங்கினாள்.

கைத்தொலைபேசி அடித்தது.

"போஸ்ட்டில நிக்கன் ராத்தா. வெட்டிட்டன். லைட்டப் பாருங்க."

பார்த்தாள். இரண்டாவது விளக்கு பச்சையாக நின்றது. பக்கத்தில் மூன்றாவதும் பிடித்தது. இவ்வளவு நேரமும் எரியாத இன்டர்நெட் விளக்கு.

"எரியுது."

"நான் சொன்னன்தானே! இனி விடாது. கடலுக்குப் போற வயர் துண்டு இப்ப என்ட கையிலதான் இரிக்கு..." நிறுத்தினான். "சீ. நனைஞ்சிருக்கு ராத்தா. உள்ளுக்கால தண்ணி வருது. வயருக்குள்ளால எப்பிடித் தண்ணி—"

இரண்டாவது விளக்கு அணைந்தது.

"விட்டுட்டு," என்றாள்.

"விட ஏலாதே. அந்தப் பக்கம் இப்ப ஒண்டுமில்ல. உங்கட வீட்டுக்குள்ளதான் ஆரோ தூக்கியிரிக்காங்க. அறைப் போனப் பாருங்க."

"வீட்டுக்குள்ள ஆரும் இல்ல."

"றஹீமா ராத்தாவா இரிக்கும்."

"அவ போயிட்டா."

அவளுக்குப் பின்னால் வாசல் கதவு சாத்திக்கொண்டது. காற்றில் அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக. கீழ்ப்பக்கத்திலிருந்து தள்ளியதைப் போல. பிறகு கொண்டி. மேல் கொண்டி அல்ல. எட்டாது. கீழ்க் கொண்டி.

ஹாஜறா திரும்பிப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் கை மேசைப் போனைத் தூக்கியிருந்தது.

கடல் இல்லை. இரைச்சல் இல்லை. ஒரு வீட்டின் சத்தம். மின்விசிறி ஒன்று க்ளிக், க்ளிக் என்று சுற்றுகிறது. இந்த வீட்டு விசிறி. ஒரு பெண் மூச்சு வாங்குகிறாள். அது ஹாஜறாவின் சொந்த மூச்சு. திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பது போல.

"றிப்கா?"

வந்தது பிள்ளையின் குரல்தான். வளரவே இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வரும்? பற்களுக்கிடையில் மண் நெரிபட்டது.

"நான் கீழ வைக்கல்ல. நீங்க சொன்ன மாதிரி. கை நோகுது. வைக்கல்ல."

"மகள்—"

"இவ்வளவு நாளா புடிச்சிட்டு நிண்டன். வயர ஆரு வெட்டச் சொன்ன?"

ஹாஜறா திரைச்சீலையைப் பார்த்தாள்.

"உம்மா. ஆரு?"

திரைச்சீலை அசையவில்லை. அதன் அடிக்கரை மட்டும் கறுத்திருந்தது. ஈரம். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துணியில்தான் ஏறியது. ஒரு விரல். ஒரு சாண். முழங்கால் உயரம்.

"சரி," என்றது குரல். போனிலும் கேட்டது. திரைக்குப் பின்னாலும் கேட்டது. "கதவச் சாத்திட்டன் உம்மா. போனக் கீழ வெச்சிராதங்க."

ஈரம் ஏறியது. ஆறு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் நின்றது. நனைந்த துணி உள்ளிருந்து ஒட்டிக்கொள்ள, அதில் ஒரு மூக்கு தெரிந்தது. ஒரு வாய் தெரிந்தது.

வாய் அசைந்தது.

"நான் வாறன்."