இருபத்திநாலு பவுண்டு காற்று

போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், இந்த போனை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"மேடம், ரேஸ் ட்ராக்ல ஒருத்தர் காலி. முதல் ரவுண்டு, முதல் வளைவு. நேரா சுவத்துல போய் அடிச்சிருக்கார்."

பேசியது அவளுடைய கான்ஸ்டபிள். ரிட்டயர் ஆக இரண்டு வருஷமே பாக்கியிருக்கும் மனிதர். எந்தச் சாவைப் பற்றியும் ஒரே குரலில்தான் பேசுவார்.

"ஆக்ஸிடென்ட்தானே? அதுக்கு நான் எதுக்குய்யா?"

"எல்லாரும் டயர் டயர்னு ஒரே சண்டை மேடம். எனக்கு ஒண்ணும் புரியல."

லீவு போயே போய்விட்டது!

பத்து மணிக்கு ஜீப் ட்ராக்கின் வாசலில் நின்றது.

வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தவர் ஒரு பல் டாக்டர். திங்கள் முதல் சனி வரை கிளினிக்குக்குப் போய்வருவதும் அதே பைக்கில்தான், ஞாயிறு ட்ராக்கில் பறப்பதும் அதே பைக்கில்தான். வயது நாற்பத்திமூன்று. எட்டு வருஷமாக இதே ட்ராக்கில் ஓட்டுகிறார். ஒரு முறைகூட விழுந்ததில்லை என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள்.

அப்படிப்பட்டவர் முதல் வளைவிலேயே எப்படி விழுவார்?

ட்ராக் மேனேஜர் பதிலைத் தயாராக வைத்திருந்தான். தொப்பியைக் கழற்றாமல், மூச்சு விடாமல் பேசினான். ட்ராக்கில் ஒரு குறையும் இல்லையாம். தார் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறதாம். தப்பு முழுக்க டயரில்தானாம். பல் டாக்டருக்கு டயர் மாட்டிக் கொடுத்தது அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் கூடப்பிறந்த தம்பி. டயர் கடை வைத்திருக்கிறானாம். காலையில் வந்து சக்கரத்தை மாட்டி, காற்று வைத்துவிட்டு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டானாம்.

"பின் சக்கரம் வழுக்கித்தான் விழுந்தார் மேடம். பத்து பேர் பாத்திருக்காங்க. அவனைப் பிடிச்சு உள்ள வைங்க."

போன் மறுபடி அலறியது. இந்த முறை மேலதிகாரி. அவர் பேசியதன் சாரம் இதுதான்: பெரிய மனிதர்கள் வந்துபோகிற இடம், பேப்பரில் பெயர் கெடக் கூடாது, அஜாக்கிரதையால் மரணம் என்று டயர்க்காரன்மேல் ஒரு கேஸைப் போட்டுப் பன்னிரண்டு மணிக்குள் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.

எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான் கேள்வியே தெரியவில்லை!

டயர்க்காரனைக் கடையிலிருந்து அழைத்து வந்தார்கள். முப்பது வயது. விரல் நகங்களில் கறுப்பு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஜீப்பின் பின் சீட்டில் உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ மாட்டின டயர் நல்ல டயரா, கெட்ட டயரா?"

"எதுக்கு மேடம்? ரோட்டுக்கா, ட்ராக்குக்கா?"

அங்கே பிடித்தது சனி.

ரோட்டு டயர் வேறாம், ட்ராக் டயர் வேறாம். ரோட்டு டயரில் பள்ளம் பள்ளமாகக் கோடு இருக்கும், மழைத் தண்ணீரை வெளியே தள்ள. வீட்டு வாசலைத் தாண்டும்போதே பிடிக்க ஆரம்பித்துவிடும். பத்தாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். ட்ராக் டயர் மொழுமொழுவென்று இருக்கும். மெத்தென்ற ரப்பர். எண்பது டிகிரி சூடு ஏறினால்தான் அது டயர், அதுவரைக்கும் சோப்புக்கட்டி. நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் மெத்தென்றும் ஒரு கலப்பு டயர் உண்டு, ரெண்டுங்கெட்டான். மாமா ஐந்து வருஷம் அதைத்தான் ஓட்டினாராம். அப்புறம் தனியாக இன்னொரு ஜோடி சக்கரமே வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ட்ராக் டயர்...

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தாள்.

"நிறுத்துப்பா. எண்பது டிகிரி சூட்டுக்கு எங்க போறது? அடுப்புலயா வைப்பீங்க?"

"போர்வை இருக்கு மேடம். டயரைச் சுத்திக் கட்டி கரண்ட்ல போட்டுடுவோம். ஒரு மணி நேரத்துல சூடாயிடும். மாமாவுக்கு எப்பவும் அக்காதான் கட்டும். பழக்கம்."

"அப்ப உன் வேலை?"

"டயரைத் தேர்ந்தெடுக்கறது, மாட்டறது, காத்து வைக்கிறது. அவ்வளவுதான். நான் தப்பு பண்ணல மேடம். கடையை மூடிட்டு ஜெயிலுக்குப் போனாக்கூடப் பரவாயில்ல. மாமாவை நான் கொன்னுட்டேன்னு எங்க அக்கா நெனச்சுட்டா அதைத்தான் தாங்க முடியாது."

மணி பதினொன்று. ரிப்போர்ட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம். இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. திருடனைத் தேடச் சொன்னால் தேடலாம். ரப்பரை எப்படி விசாரிப்பது?

மேனேஜர் விடவில்லை. டயர் சரியென்றால் காற்று தப்பு என்றான். காற்று கூடினால் வழுக்கும், குறைந்தால் ஆடும், அவன் கடையை நினைத்துக்கொண்டே கை போன போக்கில் வைத்திருப்பான் என்றான்.

அப்போதுதான் பைக் நிறுத்தும் ஷெட்டின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். பல் டாக்டரின் மனைவி. இரண்டு மணி நேரமாக ஒரு வார்த்தை பேசாதவள். கண்ணில் தண்ணீர்கூட வற்றிப்போயிருந்தது.

"எம் புருஷன் போயிட்டார். கூடப் பிறந்தவனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யார் முகத்தைப் பாக்கறது?" என்றாள். "காத்துதானே சந்தேகம்? சக்கரம் அதோ கிடக்கு. அளந்து பாருங்க. இருபத்திநாலு இருக்கும். எந் தம்பி காத்து விஷயத்துல தப்பே பண்ண மாட்டான்."

இத்தனை பேர் பேசியதில் முதல் உருப்படியான பேச்சு!

நொறுங்கிய பைக் ஷெட்டுக்குள்தான் கிடந்தது. முன்பக்கம் அப்பளம். பின் சக்கரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் டயரைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே காற்று அளக்கிற கேஜை வைத்து அழுத்தினான்.

முள் ஏறியது... நின்றது...

இருபத்திநாலு.

எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று சுவரில் இருந்த போர்டைக் கான்ஸ்டபிள் எழுத்துக்கூட்டிப் படித்தார். பின் டயர், இருபத்திநாலு. அச்சு அசல்!

மேனேஜரின் வாய் முதல் முறையாக மூடியது. அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. வெறும் விபத்து. மேலதிகாரி கத்துவார், கத்தட்டும். ஜீப்புக்குப் போய் டயர்க்காரனைக் கீழே இறங்கச் சொன்னாள்.

"தப்பிச்சேப்பா. காத்தை அளந்தாச்சு. கரெக்டா இருபத்திநாலு."

அவன் முகம் மலரவில்லை.

"இருக்காது மேடம்."

"என்னது?"

"இப்ப டயர் ஆறிப்போயிருக்கும். பதினெட்டுதான் காட்டணும். நான் காலையில சூடேறாத பச்சை டயர்ல பதினெட்டுதான் வச்சேன். போர்வையில சூடானதும் உள்ள இருக்கற காத்து விரிஞ்சு இருபத்திநாலு வரும். போர்டுல இருக்கறது சூடு கணக்கு. ஆறினா பழையபடி பதினெட்டுக்கே இறங்கிடும். ஆறின டயர்ல இருபத்திநாலு காட்டுதுன்னா..."

நிறுத்தினான்.

இன்ஸ்பெக்டர் அந்த வாக்கியத்தை மனசுக்குள் முடித்தாள். ஆறின டயரில் இருபத்திநாலு காட்டுகிறது என்றால் அந்த டயர் சூடாகவே இல்லை! யாரோ பச்சை டயரில் ஆறு பவுண்டு காற்றை ஏற்றி, கேஜில் மட்டும் சூட்டைக் காட்டியிருக்கிறார்கள். பல் டாக்டர் ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டி, பைக்கில் ஏறி உட்கார்ந்து, பின் சக்கரத்தில் வைத்துக் காட்டிய கேஜைக் குனிந்து பார்த்திருக்கிறார். இருபத்திநாலு. டயர் தயார் என்று நம்பி, முதல் வளைவில் முழு வேகத்தில் சாய்ந்திருக்கிறார்.

சோப்புக்கட்டியின்மேல்!

விபத்து இல்லை. கொலை.

"காத்தை அளக்கச் சொன்னது யார் மேடம்?" என்று கேட்டான் டயர்க்காரன். "மேனேஜரா?"

"உங்க அக்கா. அளக்கறதுக்கு முன்னாடியே இருபத்திநாலு இருக்கும்னு சொன்னாங்க."

அவன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டான். ஷெட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தான்தான் பச்சை டயரில் இருபத்திநாலு வைத்துவிட்டதாகவும், தூக்கக் கலக்கத்தில் மறந்துபோய்விட்டதாகவும், எழுதிக்கொள்ளும்படியும் சொன்னான்.

இன்ஸ்பெக்டருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. 

"அரை மணி நேரம் எனக்கு டயர் பாடம் எடுத்த ஆளு நீ. பச்சை டயர்ல இருபத்திநாலு வைக்கிறவனா? பொய் சொல்றதுக்கும் ஒரு பழக்கம் வேணும்ப்பா. உனக்கு இல்ல."

ஷெட்டுக்குள் திரும்பினாள். சுருட்டி வைத்திருந்த இரண்டு போர்வைகளையும் கான்ஸ்டபிள் விரித்தார். கரண்டில் போட்டார். இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒன்று கையைச் சுட்டது. பின் டயருக்கான இன்னொன்று சுடவே இல்லை. தையலைப் பிரித்துப் பார்த்தால், விளக்குக்குப் போகிற ஒயர் இருந்தது. சூட்டுக்குப் போகிற ஒயரை யாரோ நறுக்கியிருந்தார்கள். நறுக்கிவிட்டு, அழகாகத் திரும்பத் தைத்தும் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க தம்பி பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். பதினெட்டு வச்சேன்னு முதல்ல சொன்னார். நீங்க அளக்கச் சொன்னதா நான் சொன்னதும் மாத்திட்டார். அவர் சொல்றதையே எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம்."

ஒரே வார்த்தை. அதற்கப்புறம் அவள் சொன்னதை இன்ஸ்பெக்டர் இடையில் மறிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். காலையில் டயர், ராத்திரி டயர். சாப்பிடும்போது ரப்பர் கணக்கு, படுக்கப்போகும்போது காற்றுக் கணக்கு. படுக்கையறையில் நாலு டயர், துணி வைக்கிற அலமாரி வராந்தாவில். கல்யாண நாளன்று வெளியே கூட்டிக்கொண்டு போனது டயர் கண்காட்சிக்கு.

"போன மாசம் இதே ஷெட்ல உக்காந்திருந்தேன். நூத்தி மூணு டிகிரி காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன். 'டயருக்கு எண்பது வரட்டும், பாக்கலாம்'னார். நான் நடுங்கிட்டிருக்கேன் மேடம். டயருக்குப் போர்வை போத்தியிருக்கு."

இன்ஸ்பெக்டர் நேராகவே கேட்டாள். 

"சாகடிக்கணும்னுதான் பண்ணீங்களா?"

"பொய் சொல்ல மாட்டேன். ஆமா." அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். "தம்பி ஏழு மணிக்கே போயிடுவான், அவன்மேல எதுவும் வராதுன்னு நெனச்சேன். அவனை ஜீப்புல உக்கார வச்சதும் எனக்குக் கை கால் ஓடல. காத்து சரியா இருக்குன்னு தெரிஞ்சா விட்டுடுவீங்கன்னு தோணுச்சு."

"டயர் ஆறினா காத்து இறங்கும்னு உங்களுக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் கேட்டிருக்கீங்க."

"சூடானா ஏறும்னு தெரியும். ஆறினா இறங்கும்னு அந்த அவசரத்துல தோணல. அவர் அதைச் சொன்ன அன்னிக்கு நான் தூங்கியிருப்பேன்."

வாசலில் தம்பி நின்றிருந்தான். "ஏங்க்கா?" என்று மட்டும் கேட்டான். அவள் அவன் தலையைத் தொட்டுவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, யாரும் பிடித்து இழுக்காமல் தானே நடந்துபோய் ஜீப்பில் ஏறினாள். அவன் உட்கார்ந்திருந்த அதே சீட்டு.

மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

கான்ஸ்டபிள் ரிப்போர்ட்டை எழுதி முடித்து நிமிர்ந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"அந்தக் கலப்பு டயரையே வச்சிருந்தா போர்வையே தேவைப்பட்டிருக்காது. டயரைத் தேர்ந்தெடுத்ததுலதான் டாக்டர் தப்பு பண்ணிட்டாரோ மேடம்?"

"அதுல ஒரு தப்பும் இல்லய்யா," என்றாள் இன்ஸ்பெக்டர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "ரோட்டுக்கு ஒண்ணு, ட்ராக்குக்கு ஒண்ணுன்னு டயரை ஒழுங்காத்தான் மாத்தியிருக்கார். வீட்டுக்குன்னு பேச்சை மாத்தத்தான் மறந்துட்டார்!"