எழுபத்து மூன்றாம் புள்ளி

பஞ்சுவின் அம்மாவுக்குப் புல் எண்ணுகிற வேலை.

பள்ளியில் யார் கேட்டாலும் பஞ்சு அப்படித்தான் சொல்வாள். உடனே எல்லோரும் சிரிப்பார்கள்.

"புல்லைப் போய் யாராவது எண்ணுவாங்களா? மொத்தம் எத்தனை இருக்காம்?"

"இன்னும் எண்ணி முடியலை," என்பாள் பஞ்சு, கொஞ்சமும் கோபப்படாமல்.

பஞ்சு என்பது பதிவேட்டில் இருக்கிற பெயர் இல்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் அவள் திரும்பிப் பார்ப்பாள். முதல் இரண்டு தடவையும் ஜன்னலுக்கு வெளியே எங்கோ மிதந்துகொண்டிருப்பாள். லேசாக ஊதினால் பறந்துவிடுவாள் என்று யாரோ சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

விடுமுறை விட்டதும் அம்மாவும் அவளும் புல்வெளிக்கு வந்துவிட்டார்கள். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் இரண்டு கட்டில். இன்னொன்றில் ஒரு நீள மேசை. அதன்மேல் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே விதவிதமான புற்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. எழுந்து ஓடிவிடாமல் இருக்க அவற்றின்மேல் செங்கல் வைத்திருந்தார் அம்மா. காலுறை, தலையணை, சீப்பு என்று எங்கு பார்த்தாலும் புல்விதை. ஒருநாள் பற்பசையில்கூட ஒன்று இருந்தது.

கதவைத் திறந்தால் புல்வெளி. கண்ணுக்கு எட்டும் தூரம்வரை இடுப்பு உயரப் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த மாதிரி முள்மரங்கள். காற்று வந்தால் புல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாயும். பிறகு மெதுவாக நிமிரும். நிலம் மூச்சு விடுகிறது என்று பஞ்சு நினைத்துக்கொள்வாள். தானும் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பார்ப்பாள்.

புல் எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. தரையில் அடித்த இரண்டு இரும்பு முளைகளுக்கு நடுவே ஐம்பது மீட்டர் டேப்பை இழுத்துக் கட்ட வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு தடவை மெல்லிய கம்பி ஒன்றை நேராகக் கீழே இறக்க வேண்டும். கம்பியின் நுனி எதைத் தொடுகிறதோ அதை எழுத வேண்டும். புல்லென்றால் எந்தப் புல், மண்ணென்றால் மண், கல்லென்றால் கல். ஒரு கோட்டுக்கு நூறு புள்ளி. மொத்தம் பன்னிரண்டு கோடு.

"பிடிச்சதை எழுதக் கூடாது. இருக்கிறதை எழுதணும்," என்பார் அம்மா. "கம்பியை ஒரு விரல்கூடத் தள்ளி வைக்கக் கூடாது."

பதினொரு கோடுகள் முடிந்திருந்தன. கடைசிக் கோட்டுக்குப் போகும் வழியில்தான் அம்மாவின் கால் ஓர் எலி வளைக்குள் போனது.

"அம்மா!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று எழுந்த அம்மா, அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிவிட்டது.

சத்தம் கேட்டு விசில் ஓடிவந்தாள். விசில் ஆட்டுக்காரரின் மகள். பஞ்சுவைவிட ஒரு வயது பெரியவள். பேசுவதைவிட விசிலடிப்பதுதான் அதிகம். ஒரு விசிலுக்கு நூற்று நாற்பது ஆடுகளும் நிற்கும், இரண்டு விசிலுக்கு நடக்கும். இருவரும் அம்மாவை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு போய் ஒரு முள்மரத்து நிழலில் உட்காரவைத்தார்கள்.

"போச்சு," என்றார் அம்மா. "நாளைக்குக் காலைல ஆடுங்க உள்ள வந்துடும். அஞ்சு வருஷமா ஒரு கோடு விடாம எண்ணியாச்சு. இந்த வருஷம் ஓட்டை விழப்போகுது."

மழை முடிந்ததிலிருந்து மூன்று மாதம் ஆடுகளை உள்ளே விடுவதில்லை. புல் வளர்ந்து விதை உதிர்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆடுகள் மேய்ந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பழைய புல் காய்ந்து தரையை மூடிக்கொள்ளும், புதுப்புல்லுக்கு வெயில் கிடைக்காது. இது அம்மாவும் ஆட்டுக்காரரும் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. எந்த நாளில் திறப்பது என்பதும் பேசி முடித்ததுதான்.

"நான் எண்ணட்டுமா?" என்றாள் பஞ்சு.

அம்மா அவளைப் பார்த்தார். "நடுவுல வானத்தைப் பார்த்துட்டு நின்னுட்டா?"

"நான் விசிலடிக்கிறேன் ஆன்ட்டி," என்றாள் விசில். "ஒரு புள்ளிக்கு ஒரு விசில். நம்ம ஆடே நின்னுடும், இவ நிக்க மாட்டாளா?"

அம்மாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. அட்டையையும் பென்சிலையும் கொடுத்தார். "பேர் தெரியாத புல்லா இருந்தா பக்கத்துல ஒரு துண்டு கிள்ளி ஒட்டிடு. நான் பார்த்துக்கறேன்."

டேப்பைக் கட்டினார்கள். விசில் சத்தம் கேட்கும். பஞ்சு கம்பியை இறக்குவாள், குனிந்து பார்ப்பாள், எழுதுவாள். மண். புல். புல். காய்ந்த இலை. கல். பெயர் தெரியாத புற்களுக்கு அவளே பெயர் வைத்தாள். ஒன்று பூனைமீசை. ஒன்று தூங்குமூஞ்சி. இன்னொன்றை விசில் பார்த்துவிட்டு, "எங்கப்பா தலைமுடி," என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

குனிந்து பார்க்கப் பார்க்கப் புல்வெளி மாறிக்கொண்டே போனது. தூரத்திலிருந்து ஒரே நிறமாகத் தெரிந்தது, பக்கத்தில் ஊதாவும் வெள்ளியும் செம்பு நிறமுமாகப் பிரிந்தது. தண்டுகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பாதைகள் போயின. ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய விதையை இழுத்துக்கொண்டு போனது. இவ்வளவு பெரிய காட்டுக்குள் அது எப்படி வழி கண்டுபிடிக்கும்? இரவில் அதற்குக் கனவு வருமா? வந்தால் அந்தக் கனவில் யார்...

விசில் காதைத் துளைத்தது.

"நாற்பத்தி நாலு! இறங்கி வா!"

பஞ்சு இறங்கி வந்தாள்.

எழுபத்து மூன்றாவது புள்ளியில் கம்பியைத் தூக்கிப் பிடித்தபோது, காலடியிலிருந்து ஒரு வானம்பாடி படபடவென்று கிளம்பிப் பறந்தது. பஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புல்லை மெதுவாக விலக்கினாள்.

ஒரு புதர் ஓரமாக, தரையிலேயே, காய்ந்த புல்லால் செய்த குட்டிக் கிண்ணம். அதற்குள் புள்ளி புள்ளியாக மூன்று முட்டைகள். கம்பியின் நுனி சரியாக அவற்றுக்கு மேலே நின்றது.

"தள்ளி வை," என்று கிசுகிசுத்தாள் விசில்.

"தள்ளி வைக்கக் கூடாது."

"அப்போ இறக்கப்போறியா?"

"ஐயோ, அதுவும் கூடாது."

பஞ்சு கம்பியை அப்படியே மேலே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, எழுபத்து மூன்று என்ற எண்ணுக்கு நேராக 'வீடு' என்று எழுதினாள்.

"வீடுன்னு ஒரு புல்லு இருக்கா?"

"இல்லை. ஆனா கீழ அதுதானே இருக்கு?"

பறவை திரும்பி வர வேண்டுமே என்று இருவரும் வேகமாக மீதிப் புள்ளிகளை முடித்தார்கள். டேப்பைச் சுற்றும்போது விசில் விசிலடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"என்ன?" என்றாள் பஞ்சு.

"நாளைக்கு எங்க ஆடுங்க இந்த வழியாத்தான் வரும். நூத்தி நாப்பது ஆடு. ஆளுக்கு நாலு கால்." மனதுக்குள் பெருக்கினாள். "ஐந்நூத்தி அறுபது கால்."

இருவரும் அம்மாவைக் கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா காலை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு தாளைப் படித்தார். "எழுபத்து மூணு... வீடா?"

பஞ்சு நடந்ததைச் சொன்னாள். "நான் நகர்த்தலைம்மா. இருக்கிறதைத்தான் எழுதினேன்."

அம்மா அந்த வரியை மறுபடி படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்க," என்றார். "ஆனா ஆட்டுக்கார அண்ணன்கிட்ட இன்னும் பத்து நாள் பொறுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. வார்த்தை கொடுத்திருக்கோம்."

"நான் கேட்டுப் பார்க்கறேன்," என்றாள் பஞ்சு.

பட்டியில் ஆட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் குரல் பெரியது. ரகசியம் சொன்னாலே ரெண்டு மரம் தள்ளிக் கேட்கும்.

"வாம்மா பஞ்சு! அம்மா கால் எப்படி இருக்கு?"

"வீங்கியிருக்கு மாமா. மாமா, நாளைக்கு..."

அதற்குள் ஓர் ஆட்டுக்குட்டி அவளிடம் வந்து சட்டை நுனியைச் சப்பத் தொடங்கியது. பிறகு அவள் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடுங்கித் தின்றது. அதன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. பஞ்சு எண்ணாமலேயே விட்டுவிட்டாள். இது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. பசி.

"நாளைக்கு என்னம்மா?"

பஞ்சு குட்டியின் தலையைத் தடவினாள். "நாளைக்கு இவங்க எல்லாரும் வயிறு நிறைய சாப்பிடுவாங்கல்ல?"

"பின்ன? மூணு மாசமாக் காத்துக்கிட்டிருக்குதுங்க!"

அதற்குமேல் அவளால் எதுவும் கேட்க முடியவில்லை. பட்டிக் கதவோரம் போய் உட்கார்ந்தாள். கதவு என்றால் மரக்கதவு இல்லை. காய்ந்த முள் கிளை ஒன்றைக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆனால் முள் கிளைக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆடுகூட இல்லை. இரண்டு முழம் தள்ளி, மரியாதையாக நின்றன.

பஞ்சு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விசில்! ஒரு முள் கிளையைக் கூட்டுமேல சாய்ச்சு வெச்சா?"

விசில் நிமிர்ந்தாள். "ஆடு சுத்திக்கிட்டுப் போகும்." உடனே அவள் முகம் வாடியது. "ஆனா காக்கா வருமே. புதுசா ஒண்ணைப் பார்த்தா, இங்க என்னமோ இருக்குன்னு காக்காவுக்குத் தெரிஞ்சுடும். மூணு முட்டையும் போச்சு."

பஞ்சு புல்வெளியைப் பார்த்தாள். வெயில் சாய்ந்து, புல் நுனிகள் எல்லாம் விளக்கேற்றியது போல ஒளிர்ந்தன. ஆயிரம் விளக்கு. இதில் ஒரு விளக்கை மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு விளக்கு என்றால்தான் கண்டுபிடிக்கலாம்...

"ஒண்ணு வெச்சாத்தானே தெரியும்?" என்று குதித்து எழுந்தாள். "முப்பது வெச்சா?"

புல்வெளி வாசலில், மூன்று மாதமாக ஆடுகளைத் தடுத்துக்கொண்டிருந்த முள் குவியல் இருந்தது. காலையில் அதை எப்படியும் பிரிக்க வேண்டும். விஷயத்தைக் கேட்ட ஆட்டுக்காரர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? முள்ளை இழுக்க நீங்க ரெண்டு பேரு போதுமா? கையைக் கிழிச்சுக்குவீங்க!"

அவரும் வந்தார். நுனி பிளந்த கவைக்கோலால் முள் கிளைகளை இழுத்துப் புல்வெளியில் அங்கங்கே போட்டார். கூட்டுமேல் வைக்க வேண்டிய ஒரு கிளையை மட்டும் பஞ்சுவும் விசிலும் தூக்கிப்போய், பறவை உள்ளே போகவும் வரவும் இடம் விட்டு, மெதுவாகச் சாய்த்து வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு கிளைகள் ஆயின. முள்ளின் பங்குக்குப் பஞ்சுவின் கையில் ஏழு கீறல்கள்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார். "முள்ளுக்கு அடியில ஆடு வாய் வைக்காது. அங்க மட்டும் என்ன முளைக்குதுன்னு பார்க்கணும்," என்றவர் உடனே நோட்டைத் தேடினார். "முப்பத்தொரு இடம்... ஒவ்வொண்ணையும் எண்ணணும்..."

"முதல்ல கால் வீக்கம் வடியட்டும்மா," என்றாள் பஞ்சு.

மறுநாள் காலை வாசல் திறந்தது. விசில் இரண்டு முறை விசிலடித்தாள். ஆடுகள் வெள்ளம் போலப் புல்லுக்குள் பாய்ந்தன. முள் கிளை வந்த இடத்தில் எல்லாம் வெள்ளம் இரண்டாகப் பிரிந்தது, அந்தப் பக்கம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. நூற்று நாற்பது வாய்கள் ஒரே நேரத்தில் புல்லைக் கடிக்கும் சத்தம் தூறல் விழுவது போலக் கேட்டது. காகிதம் தின்ற குட்டி தலையைத் தூக்கவே இல்லை.

மேலே வானம்பாடி வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தது. பஞ்சு தன் விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆடுகள் கடந்து போயின. பறவை கீழே இறங்கியது. கூட்டில் இல்லை, இருபது அடி தள்ளி, ஒன்றும் தெரியாதது போல.

ஆட்டுக்காரர் பஞ்சுவிடம் குனிந்தார். "எந்த முள்ளுக்குள்ளம்மா அந்தக் கூடு?" என்று தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார். ரெண்டு மரம் தள்ளி உட்கார்ந்திருந்த காக்கா திரும்பிப் பார்த்தது.

"சத்தமாக் கேக்காதீங்க மாமா," என்றாள் பஞ்சு. "அந்தப் பக்கம் பார்க்கவும் பார்க்காதீங்க."

ஆட்டுக்காரர் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார். விசிலும் திரும்பினாள். தூக்கி வந்து போட்ட நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு பேரும் ஒன்றுமே இல்லாத ஒரு திசையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால், புல்லுக்குள் குறுகிய ஒரு பாதையில், வானம்பாடி தன் முட்டைகளிடம் நடந்து போய்க்கொண்டிருந்தது.