தங்கை புலம்பல்

பின்னேரத்திலிருந்து அம்மாவின் அழுகை ஒரே அளவாக வந்துகொண்டிருந்தது. விக்கல் இல்லை, மூக்குறிஞ்சல் இல்லை. இழுத்து ஒரு அடி, மூச்சு, மறுபடி அதே நீளத்தில் ஒரு அடி. அறைக்குள் மேசையில் குனிந்திருந்த தக்சாயினிக்கு அது காதில் நெருடியது. வயதான மனுசி, அழுது அழுது பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணை பார்த்தீபன் காலமாகி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நெருங்கிவிட்டது. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் என்று ஒவ்வொருவர் வாயாலும் அழுகிற பாட்டுகள் இருக்கும். சாவகச்சேரிப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அவற்றை எழுதிக் கொடுப்பவள் தக்சாயினிதான். கொஞ்சக் காலமாகத் தனியே எழுதுவதில்லை. போனில் இருக்கும் ஏஐக்கு அவள் ஒரு அடி கொடுப்பாள், அது அடுத்த அடி தரும், அவள் திருத்துவாள். நல்ல கூட்டாளி. அதற்கு அலுப்பில்லை, அழுகையுமில்லை.

இந்தப் புத்தகத்துக்கும் மற்ற எல்லாருடைய புலம்பலையும் அப்படித்தான் முடித்திருந்தாள். தங்கை புலம்பல் மட்டும் மிச்சம்.

அச்சகத்து ஜெயசுதன் போனில் கோல் எடுத்தான்.

"அக்கா, நாளைக்குக் காலமை அச்சுக்குப் போகவேணும். உந்த ஏஐயிட்டைக் கேட்டால் ரெண்டு நிமிச வேலை."

"என்ரை அண்ணைக்கு நான்தான் எழுதுவன்."

"ஊர் முழுக்க அதை வைச்சுத்தான் அழுகுது. உங்களுக்கு மட்டும் என்ன விரதமோ?"

"ஓம், விரதம்தான். போனை வை."

போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். செத்தவீட்டன்றுகூட அவளுக்குக் கண்ணீர் வரவில்லை, எதுகையோடு சொற்கள்தான் வந்தன. ஒரு அடியாவது சொந்தமாக வராவிட்டால், அண்ணைக்காக அவள் அழவேயில்லை என்றாகிவிடும்.

வெளியே மழை இருட்டு. தகரத்தில் தூறல் விழும் சத்தமும், விறாந்தையில் காயாமல் தொங்கும் சேலைகளின் ஈரவாடையும், விளக்கடியிலிருந்து கசிந்துவந்த சாம்பிராணிப் புகையும் ஒன்றாகக் கலந்து கண்ணை அழுத்த, கனநேரம் வெறுந்தாளைப் பார்த்தபடியிருந்தாள். பிறகு, கிணற்றடியிலிருந்து தலை துவட்டாமல் வந்து அவளுடைய கொப்பியில் வேண்டுமென்றே சொட்டவிடும் அண்ணை ஞாபகத்துக்கு வந்தார். எழுதினாள்.

'ஈரத் தலையோடு வந்தென் எழுத்தழித்த அண்ணையே'

கண் கலங்கியது. இது அவளுடையது.

"ஈரத் தலையோடு வந்தென் எழுத்தழித்த அண்ணையே" என்று விறாந்தையில் அம்மா இழுத்தாள்.

பெற்ற மகனை, அண்ணை என்று.

தக்சாயினி வாய்விட்டு எதையும் படிக்கவில்லை. பேனை நின்றது. அழுகையும் நின்றது. 'இனி' என்று எழுதினாள்.

"இனி" என்றது விறாந்தை. அம்மா மட்டுமல்ல. அண்ணையின் மனைவி மச்சாள். பிள்ளைகள். பாக்குச் சீவ வந்த அயல்சனம்.

பேனையை வைத்தாள். எழும்பினாள். திரைச்சீலையை விலக்கினாள்.

எல்லாரும் அறைவாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். வாய்கள் பாதி திறந்திருந்தன. ஒரு கண்ணிலும் ஈரமில்லை. அசைவில்லை. போனில் அது காத்திருப்பதுபோல, அவளுடைய அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள்.

"அம்மா..."

"அம்மா" என்றார்கள் எல்லாரும். அவளுடைய குரலில்.

மறுபடி வாய்கள் பாதியில் நின்றன. சுவரில், மாலை போட்ட படத்துக்குள், ஒருநாளும் பல்லுத் தெரியப் படமெடுக்காத அண்ணையும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.