டெஸ்ட் உள்ளே போய்விட்டாள்

இல்லாத ஆள் ஒருத்தி மருந்தறைக் கதவைத் திறந்ததாகத் திரை சொன்னது.

அவள் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள். பெயர்: டெஸ்ட். காலையில் அவளே உண்டாக்கியவள். மருத்துவமனையின் வாசல்கள், மருந்தறை, நோயாளிகள், ஊழியர் குடியிருப்பு என்று நாலு தரவுத்தளங்கள். நாலும் நாலு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றன. யாரை எங்கே விடலாம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து முடிவு சொல்லும் அனுமதிக் கருவியை அவள் பொருத்திக்கொண்டிருந்தாள். சரிபார்க்க ஒரு பொய் ஆள் வேண்டியிருந்தது. புதிதாக நிரப்பச் சோம்பல்பட்டுத் தன் பதிவையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். கைரேகை, முகம், குரல் எல்லாம் அப்படியே.

"அழிச்சுத் தொலைம்மா," என்றார் சீனியர், பையை மாட்டிக்கொண்டே.

அழித்தாள். அவளுடைய அடையாள அட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே கைரேகைக்கு இரண்டு பேர். கருவி டெஸ்ட்டை வைத்துக்கொண்டு இவளைத் தூக்கியெறிந்திருந்தது. வெளியே மழை சன்னலை அறைந்தது, ஃபினாயில் வாடைக்கு அடியில் அவளுடைய தலையெண்ணெய் வாசனை தாழ்வாரத்தில் தனியாக நடந்துபோனது, திரையில் அடுத்த வரி மெதுவாக வந்து நின்றது.

ஊழியர் குடியிருப்பு. அவள் வீடு. அனுமதி.

வீட்டில் மகள் தனியாக இருந்தாள். அவளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, பக்கத்துல நின்னுக்கிட்டே எதுக்கு போன் பண்றே?"

"கண்ணு, வெளிய ஓடிடு!"

"யாருடா போன்ல?" என்று அங்கே கேட்டது இவளுடைய குரல்தான்.

நனைந்துகொண்டே ஓடினாள். குடியிருப்பு வாசலில் காவலாளி குறுக்கே நின்றார்.

"நீங்க உள்ள போயாச்சுன்னு காட்டுது மேடம்."

"அது நான் இல்லண்ணே! என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். தெரிஞ்ச முகம்னு ஒருத்தரையும் விடாதீங்க, பச்சை எரிஞ்சாத்தான்னு போன வாரம் கத்துனது நீங்கதானே? வேலை போயிடும் மேடம்."

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. மேலே சன்னலில் வெளிச்சம். மகளுக்குத் தலை சீவிவிடும் ஒரு கை. அதற்கு மேல் அவளுடைய அடையாள அட்டையின் படத்தில் இருந்த அதே முகம். அதே சிரிப்பு. இமைக்கவில்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது.

டெஸ்ட்: மகளின் பதிவு நகலெடுக்கப்பட்டது.

அண்ணாந்து பார்த்தாள். இப்போது இரண்டு சிறுமிகள். ஒருத்தி கண்ணாடியை அறைந்து அழுதாள். இன்னொருத்தி இமைக்காமல் சிரித்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது: ஒரே கைரேகைக்கு இரண்டு பேர், பழைய பதிவு நீக்கப்படுகிறது.

அந்தக் கை சீப்பைக் கீழே வைத்தது. அழுகிறவளின் வாயைப் பொத்தியது.