படத்தில் இல்லாத அக்கா

படத்தில் அந்தச் சிறுமி சட்டைக் காலரைச் சப்பவில்லை.

லோஷினி ரிமோட்டை அழுத்திக் காட்சியைப் பின்னால் ஓட்டி இரண்டாம் முறை பார்த்தாள். அன்னாசிச் செடிகளுக்கு நடுவே மண்பாதையில் சிறுமி வருகிறாள், கையில் ஒரு குச்சி, காலில் ஒற்றைச் செருப்பு, அவ்வளவுதான். ஆனால் மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், அதே பாதையில், அதே சிறுமி காலரின் இடது நுனியை வாய்க்குள் இழுத்துச் சப்பிக்கொண்டே நடந்தாள். துணி ஈரமாகி, காய்ந்து, மறுபடி ஈரமாகி, புளித்த பால் வாடை அடித்தது என்று எழுதியிருந்தது.

படித்ததும் அந்த வாடை லோஷினியின் மூக்கில் ஏறியது. எழுந்துபோய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள். டிசம்பர் மழை பெர்மாஸ் ஜெயா குடியிருப்பு முழுவதையும் சாம்பல் நிறமாக்கியிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கே வரிசை வீடுகளின் முன்விளக்குகள் எரிந்தன. பக்கத்து வீட்டு ஏர்கோன் பெட்டி தகரத்தில் விரலால் தட்டுவதுபோல டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை புத்தக வெளியீடு. போன வருடம் ஜொகூர் மாநிலத்திலேயே எடுத்து, ஜொகூரிலேயே நன்றாக ஓடிய 'அன்னாசிக்காடு' என்ற பேய்ப்படத்தை இப்போது நாவலாக எழுதியிருந்தார்கள். எழுதியவன் ஜீவன், லோஷினியின் கணவன். படத்தையும் நாவலையும் அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டு மேடையில் அரைமணி நேரம் பேச வேண்டியவள் லோஷினி. தமிழ் நாடகங்களுக்குத் திரையடியில் ஓடும் மலாய்த் துணைவசனம் எழுதுவது அவள் தொழில். யார் எந்தச் சொல்லை விழுங்கினார்கள், எதைக் கூட்டினார்கள் என்று கவனித்துக் கவனித்துப் பழகிய கண் அவளுக்கு. அதனால்தான் படத்தின் இயக்குநர் திருச்செல்வம் அவளைக் கேட்டிருந்தார்.

ஜீவன் எட்டு மாதம் எழுதினான். சிங்கப்பூர்க் கிடங்கு வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எழுதினான். ஒரு பக்கம்கூட அவளுக்குக் காட்டவில்லை. அச்சில் வந்த பிறகு படித்தால்தான் உனக்கும் புதிதாக இருக்கும் என்றான். ஆசையாகச் சொல்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

நோட்டில் நடுவே ஒரு கோடு இழுத்திருந்தாள். இடது பக்கம் படம், வலது பக்கம் நாவல். முதல் இரண்டு அத்தியாயங்களும் காட்சிக்குக் காட்சி படத்தோடு ஒட்டியே போயின. மூன்றாவதற்கு நேரே 'காலர்' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலரைச் சப்புவது தர்ஷினி.

கல்யாணத்துக்கு முன்பே ஜீவனிடம் அவளைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ரெங்கம் என்ற ஊரில் அப்பா அன்னாசித் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். லோஷினிக்கு ஒன்பது வயது, தங்கை தர்ஷினிக்கு ஐந்து. தோட்டத்துக் கறுப்புச் சேற்று நிலத்தில் தண்ணீர் வடிய வெட்டியிருந்த வாய்க்காலில் ஒரு மத்தியானம் தர்ஷினி விழுந்து இறந்துபோனாள். அவள் சொன்னது அவ்வளவுதான். காலரைப் பற்றிச் சொன்ன நினைவு இல்லை. அம்மாவோ அப்பாவோ சொல்லியிருக்கவும் முடியாது. ஜீவன் அவள் வாழ்க்கைக்குள் வருவதற்கு முன்பே இருவரும் இறந்துவிட்டார்கள். எப்போதோ பேச்சோடு பேச்சாக நானே சொல்லியிருப்பேன் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினாள்.

நான்கு, ஐந்து, ஆறு. படம் ஒரு பக்கம் போனது, புத்தகம் இன்னொரு பக்கம் போனது. படத்தில் காணாமல்போன மகளின் குரலைக் கேட்டுத் தாய் வீட்டுக்குள் அலைகிறாள். புத்தகத்தில் தாயே இல்லை, வாய்க்கால்தான் இருந்தது. பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் அசையாமல் கிடக்கும் தண்ணீர், கரையில் கொழகொழவென்று வழுக்கும் மண், குறுக்கே போட்ட ஒற்றைப் பலகை, அந்தப் பலகையின் நடுவில் துருத்திக்கொண்டிருந்த வளைந்த ஆணி. பொதுவான வாய்க்கால் இல்லை இது. எந்த இடத்தில் கால் வைத்தால் பலகை முனகும் என்பதுகூட எழுதியிருந்தது.

ஜீவன் ஒருமுறைகூட அந்தத் தோட்டத்துக்குப் போனதில்லை.

ஏழாம் அத்தியாயம். படத்தில் சிறுமி காணாமல்போகும் இடத்தில் கேமரா அவளை விட்டுவிட்டு ஆடும் இலைகளிலேயே நிற்கும். யாரும் பார்ப்பதில்லை. அவள் ஒரே பிள்ளை, கூட விளையாடக்கூட ஆளில்லை. புத்தகத்திலோ திடீரென்று, பெயர்கூட இல்லாமல், ஓர் அக்கா வந்துவிட்டாள். பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். தங்கை கீழே கரைப்புல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

'"அக்கா, கை குடு" என்றாள். அக்கா குனியவில்லை. கொஞ்ச நேரம் பயப்படட்டும் என்று நினைத்தாள். புல் வேரோடு வந்தது.'

லோஷினி புத்தகத்தை மூடினாள்.

அந்த நான்கு வரிகளை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுத அப்பாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்த போலீஸ்காரரிடம், நான் பார்க்கவே இல்லை, வீட்டில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொன்னாள். கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட அந்த இடத்துக்கு வந்ததும் மனதைத் திருப்பிக்கொள்வாள். இருபத்துமூன்று வருடம். அது இப்போது ஐந்நூறு பிரதிகளாக அச்சாகி, சனிக்கிழமை மண்டபத்தில் அடுக்கிவைக்கப் போகிறது. அதை விளக்கிப் பேச மேடையில் அவளையே நிற்கவைக்கப் போகிறார்கள்.

ஜீவனுக்கு அழைத்தாள். அவன் வேலையில் இருக்கும் நேரம், எடுக்க மாட்டான் என்று நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏழாவது அத்தியாயம் உங்களுக்கு யாரு சொன்னா?"

மறுமுனையில் கிடங்கின் வண்டிச் சத்தமோ ஆள் பேச்சோ எதுவும் கேட்கவில்லை. மழை மட்டும் கேட்டது. கூரையில் விழும் மழையில்லை, தடித்த, விறைத்த இலைகளின் மேல் விழும் மழை.

"நீதான் சொன்ன, லோஷி. ஞாயித்துக்கெழமை மத்தியானம் படுத்தா நீ தூக்கத்துல பேசுவ. ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்."

மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. படம் பார்த்தவன் புத்தகத்தையும் வாங்க வேண்டுமென்றால் படத்தில் இல்லாதது ஏதாவது அதில் இருக்க வேண்டும் என்று திருச்செல்வம் சொன்னதை, அலுவலகக் காரியம்போல நிதானமாகச் சொன்னான். பதிவுகள் எல்லாம் மடிக்கணினியில் இருப்பதாகவும் சொன்னான். எங்கே இருக்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டாள்.

"வந்துகிட்டிருக்கேன். மொத்தமும் கேளு. அப்பதான் உனக்குப் புரியும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். அவள் படுத்ததும் திரையை இழுத்துவிடுவான், போர்வையைக் காலோடு சேர்த்துச் செருகுவான், நீ தூங்கு, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்பான். கல்யாணமான எட்டு வருடத்தில் அந்த ஒரு மணிநேரத்தைத்தான் அவள் மிகவும் நம்பியிருந்தாள். எழும்போது தலைமாட்டில் அவன் உட்கார்ந்திருப்பான். முகத்தில் ஒரு கனிவு இருக்கும். அது கனிவு என்றுதான் நினைத்திருந்தாள்.

மடிக்கணினியைத் திறந்தாள். அவன் மறைத்துவைக்கவில்லை. முகப்பிலேயே ஒரு கோப்புறை. உள்ளே பதினொரு பதிவுகள், ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டிருந்தன. புத்தகத்திலும் பதினொரு அத்தியாயங்கள்.

முதல் பதிவில் இருந்தது அவள் குரல்தான். குழறல், முனகல், நடுவே 'பலகை' என்று ஒரு சொல். இரண்டாவதில் இன்னும் சில சொற்கள். மூன்றாவதில் ஜீவன் மெல்லக் கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள். தன் உடம்பை யாரோ தடவியதுபோல அவளுக்குக் கூசியது. ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்தடுத்ததைக் கேட்டாள். நான்காவதில் குரல் சற்று மெலிந்திருந்தது. ஐந்தாவதில் 'ர' வரவேண்டிய இடத்தில் 'ல' வந்தது. ஆறாவதில் ஒரு சிரிப்பு.

ஏழாவதை இரண்டு முறை கேட்டாள்.

முதல் முறை கேட்கும்போது சொற்களைத்தான் கேட்டாள். அக்கா கை குடுக்கல, பாத்துக்கிட்டே நின்னா, என்றது குரல். இரண்டாம் முறை கேட்கும்போது பின்னாலிருந்த ஓசையைக் கேட்டாள். சீராக, ஆழமாக, இழுத்து விடும் ஒரு மூச்சு. நடுவில் தொண்டையில் லேசாகச் சிக்கிக் குறட்டையாகும் மூச்சு. அது அவளுடையது. அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அந்த மூச்சு ஒருமுறைகூடத் தடைபடாமல், குரல் பேசிக்கொண்டிருக்கிறது.

அவள் வாயிலிருந்து அல்ல.

மழை வலுத்தது. பக்கத்து ஏர்கோன் எப்போது நின்றதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் கணினியின் சிறு விசிறி மட்டும் சுற்றியது. லோஷினி எழுந்துபோய் முன்கதவின் இரும்புக் கிரில்லைப் பூட்டினாள். எதற்குப் பூட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வந்து எட்டாவதைத் தாண்டி ஒன்பதாவதைப் போட்டாள்.

ஜீவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். மகளே இல்லாத ஜீவன், ஒரு மகளைக் கொஞ்சுவதுபோலக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்புறம் என்ன ஆச்சு, சொல்லுமா, மாமாவுக்குச் சொல்லு.

"சொல்ல மாட்டேன்" என்றது குரல். "சத்தம் மட்டும் இங்க வந்துலுது. நான் வல முடியல. நீ வந்து தூக்கிக்கோ."

"தூக்கிக்கிறேன். கதைய முழுசா சொல்லிடு, கண்டிப்பா வந்து தூக்கிக்கிறேன்."

"அக்கா திட்டுவா."

"அக்காகிட்ட சொல்ல மாட்டேன்."

லோஷினி நிறுத்தினாள். பத்தாவதைத் திறக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். படம் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். தாய் அன்னாசிக்காட்டுக்குத் தீ வைப்பாள், புகை அடங்கும், பேய் போய்விடும். பதினோராம் அத்தியாயத்தில் தீ இல்லை. மழை பெய்யும் ஒரு மத்தியானம் ஓர் ஆள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் காரில் போகிறான். வாய்க்காலோரம் நிறுத்துகிறான். இறங்கிப் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறான். கடைசி வரி, 'வண்டி ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்தது' என்றிருந்தது.

மணி பார்த்தாள். ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். அவன் போனை வைத்து ஒன்றரை மணிநேரம் ஆகியிருந்தது, ரெங்கத்திலிருந்து இங்கே வரவும் அவ்வளவு நேரம்தான்.

வெளிக்கேட் நகர்ந்து திறக்கும் ஓசை கேட்டது.

ஜன்னலுக்குப் போனாள். கார் முன்றிலுக்குள் வந்து நின்றது. சேறு, சக்கரத்திலிருந்து கண்ணாடிவரை கறுப்புச் சேறு. ஜீவன் இறங்கினான். மழைக்கு ஓடவில்லை. மெதுவாகப் பின்கதவுக்குப் போனான். திறந்தான். உள்ளே குனிந்தான். குனிந்தபடியே வெகுநேரம் இருந்தான். ஒரு பிள்ளையின் சீட் பெல்ட்டைக் கழற்றுபவன்போல.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

நிமிர்ந்தபோது தோளில் ஒன்றைத் தூக்கியிருந்தான். அவனுடைய ஜாக்கெட்டால் சுற்றியிருந்தான். இரண்டு சிறு கால்கள் அவன் இடுப்பருகே தொங்கின. குதிகாலிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழைநீர் இல்லை. சிமெண்டில் விழுந்து கோப்பி ஓ போலப் பரவியது. முகம் அவன் கழுத்தில் புதைந்திருந்தது. தலைமுடி மட்டும் தெரிந்தது. முடியில் வேர்கள்.

லோஷினி கிரில்லுக்கு ஓடினாள். பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரும்பு சில்லென்றிருந்தது. பின்வாசல் வழியாக ஓடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, போனது. பூட்டை விடவில்லை.

"உள்ள கொண்டு வராதீங்க" என்றாள். "ஜீவன், என்னைய கேக்காம எப்படி."

அவன் கிரில்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். ஓர் அடி தூரம். புளித்த பால் வாடை. அவன் முகத்தில் அதே கனிவு, ஞாயிற்றுக்கிழமைக் கனிவு. அவள் அதை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அது ஒருநாளும் அவளுக்கானதாக இருந்ததில்லை.

"மெதுவா பேசு" என்றான். "இப்பதான் தூங்கினா. நீ தெறக்க வேணாம், என்கிட்ட சாவி இருக்கு."

பையிலிருந்து சாவியை எடுத்தான். அவள் பிடித்திருந்த விரல்களுக்கு இடையே அதை நுழைத்தான். அவனுடைய இமைகள் கனத்து இறங்கின. உயர்ந்தன. மறுபடி இறங்கின.

அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அவன் பிடரிக்குப் பின்னால் ஒரு சின்னக் கை. நகமெல்லாம் கறுப்பு. விரல் இடுக்கில் புல். அந்தக் கை அவன் முதுகில் மெல்ல, ஒரே தாளத்தில், தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. தட்டியது. நிறுத்தியது. தட்டியது.

ஜீவனின் கண்கள் முழுதாக மூடிவிட்டன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கை சாவியிலிருந்து நழுவியது. சாவி மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.