மூன்றடிக்குக் கீழே

தூண்டில் நூலின் நுனியிலிருந்த பொய்மீன் எதிலோ இடித்தது. ‘டக்’ என்று கம்பு வழியாக வெண்டலின் மணிக்கட்டு வரை ஏறி வந்தது அந்த இடி. அவன் கட்டியிருந்தது வாயில் குட்டை நாக்குபோலத் தகடு வைத்த பொய்மீன். என்னதான் வேகமாக ரீலைச் சுற்றினாலும் மூன்றடிக்குமேல் தண்ணீருக்குள் இறங்காது. பாசிக்கொடிகளின் தலையை உரசிக்கொண்டு வருவதற்கென்றே செய்தது. படகில் ஆழம் காட்டும் திரையோ தரை ஒன்பதடியில் என்றது. பாசி மாட்டினால் சொதசொதவென்று கனக்கும், வெடுக்கென்று இழுத்தால் விட்டுவிடும். இது கெட்டியாக இருந்தது.

“ஏதோ கட்டையில இடிக்குதுடா.”

“இந்த ஏரியில ஏது மாமா கட்டை?” படகின் மூக்கில் நின்ற ஹோய்ட் அவித்த கடலையின் தொலியைத் தண்ணீரில் துப்பினான். “வயசாயிருச்சு. கை நடுங்குதுன்னு சொல்லுங்க, கேப்போம்.”

ஹோய்ட், வெண்டலின் மனைவி டார்லீனின் தம்பி. தாயில்லாப் பிள்ளை, அவள் இடுப்பில் வளர்ந்தவன். ஆறு மாதத்துக்கு முன் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்து, செத்துப் பிழைத்திருந்தான். “அவன முழுசா கொண்டாந்து என் கையில குடுங்க, சொல்லிட்டேன்” என்றுதான் விடியும்முன் அவள் வழியனுப்பினாள்.

மணி எட்டாகியும் அலபாமாவின் மார்ச் மாதப் பனி ஏரியைவிட்டுக் கலையவில்லை. வெண்டல் அதே இடத்தில் மறுபடி வீசினான். அங்கே ஒன்றுமில்லை. பொய்மீன் வயிற்றுக்குள் குண்டுகள் கிலுகிலுக்க, பாதித் தூரம் நல்லபடியாக நீந்தி வந்தது. அப்புறம், ‘டக்’. அடுத்த வீச்சில் அதைவிடக் கிட்டே. அழுகிய பாசியின் வாடைக்கு நடுவே பச்சை ரத்தத்தின் கவிச்சி எங்கிருந்தோ வந்தது. விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்த தவளைகளில் ஒன்றுகூட இப்போது வாய் திறக்கவில்லை.

“மாட்டிக்கிச்சு!” ஹோய்ட்டின் கம்பு வில்லாக வளைந்தது. “ஆறு பவுண்டு இருக்கும் மாமா! பொறாமைப்படாதீங்க!”

சட்டென்று கம்பு நிமிர்ந்துவிட்டது. ரீலைச் சுற்றியபோது பாஸ் மீனின் தலை மட்டும் வந்து சேர்ந்தது. செவுள் இன்னும் விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தது.

“முதலை,” என்றான் ஹோய்ட். குரலில் தெம்பில்லை.

முதலை கடித்தால் பல் தடம் தெரியும். இது கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் திருகிப் பிய்த்திருந்தது.

“கிளம்பு மாப்ள. போதும்.”

“ஒரே ஒரு வீச்சு.”

தூண்டில்காரன் எவன்தான் அதைச் சொல்லாமல் கரையேறியிருக்கிறான்! வீசினான். ஹோய்ட்டின் பொய்மீன் திரும்பி வந்து, படகுக்கு அடியிலேயே பாசியில் சிக்கியது. நூலை அறுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டான். அவனுக்கு ராசியான சிவப்புப் பொய்மீனாயிற்றே. மண்டியிட்டு, நூலைப் பிடித்தபடி தோள்வரை கையை உள்ளே விட்டான்.

“எட்டிருச்சு... ஐயோ!”

பொய்மீனின் பின்முள் அவன் உள்ளங்கையில் ஏறியிருந்தது. முன்முள்ளை அடியில் ஏதோ பிடித்திருந்தது.

இழுத்தது. ஹோய்ட்டின் தாடை படகின் விளிம்பில் மோதிப் பல் உடைந்தது. விட்டது. மறுபடி இழுத்தது. விட்டது. வெண்டலுக்கு அந்தத் தாளம் தெரியும். மீனைக் களைக்க வைக்கிற தாளம்.

“அறுங்க மாமா! கையே போனாலும் போகுது, அறுங்க!”

வெண்டல் இடுப்புக் கத்தியை உருவினான். தண்ணீருக்குள் தடவி, மச்சினனின் உள்ளங்கையில் இறக்கி அறுத்தான். ஹோய்ட் அலறினான். நரம்பு வழுக்கியது. திரும்ப அறுத்தான். தண்ணீர் சிவந்தது. சதையோடு பிய்ந்து முள் போனது.

ஹோய்ட் மல்லாந்து விழுந்தான். முழுசாக. உயிரோடு. வெண்டல் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான்.

“அக்காகிட்ட... சொல்லிராதீங்க,” என்றான் ஹோய்ட்.

படகு மறுபக்கமாகச் சாய்ந்தது.

ஹோய்ட் இல்லை.

குமிழிகள். பனி. ஒரு சத்தமில்லை.

இருபதடி தள்ளிப் பாசி விலகியது. ஹோய்ட் மேலே வந்தான். தானாக வரவில்லை. கீழ்த்தாடையைப் பிடித்து எதுவோ தூக்கியது. பாசி படர்ந்த தடித்த கட்டைவிரல் அவன் வாய்க்குள். மற்ற விரல்கள் தாடைக்கு அடியில். பாஸ் மீனை அப்படித்தான் தூக்குவார்கள். இந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பக்கம் திருப்பியது. ஹோய்ட்டின் கண்கள் இமைத்தன.

பிறகு மெல்லத் தண்ணீரில் இறக்கியது. பிடித்த மீனைத் திரும்ப ஏரியில் விடுகிறவர்கள் செய்வதுபோல் முன்னும் பின்னும் ஆட்டியது. மூச்சு வரட்டும் என்று. கால்கள் உதைக்கத் தொடங்கின. விரல்கள் விரிந்தன.

“மாப்ள! இங்க! இங்க வாடா!” வெண்டல் இரண்டு கைகளையும் நீட்டினான்.

ஹோய்ட் அந்தக் கைகளைப் பார்த்தான். மிரண்டான். மீனைப்போல் உடம்பை ஒரே சுழற்றாகச் சுழற்றி, தலைகீழாக, பாசிக்குள் பாய்ந்து மறைந்தான்.